உங்களுக்குத் தெரியுமா? ‘நான்’ என்று தொடங்கிய ‘கோட்டை’

ஃபிரான்ஸ் காஃப்கா ஜெர்மன் மொழியில் எழுதிய ‘கோட்டை’ நாவல் முதலில் தன்மையில்தான் தொடங்கியது. 1922-இல் அவர் எழுத ஆரம்பித்தபோது, பனி மூடிய கிராமத்துக்கு இரவில் வந்து சேரும் நில அளவையாளர் தன் கதையைத் தானே சொன்னார்.

மூன்றாம் அத்தியாயத்தில், அவரும் மதுக்கூடப் பணிப்பெண் ஃபிரீடாவும் நெருங்கும் கட்டத்தில், காஃப்கா ‘நான்’ என்பதைக் கைவிட்டார். முன்பு எழுதிய பக்கங்களுக்கும் திரும்பிப் போய், ‘நான்’ என்று இருந்ததை அடித்துவிட்டுக் ‘கே.’ என்று திருத்தினார்.

இதில்தான் நாவலின் நவீனத்துவம் இருக்கிறது. படர்க்கைக்கு மாறிய பிறகும் கதைசொல்லி கே.யை விட்டு அகல்வதில்லை. கே. பார்ப்பதையும் கேட்பதையும் நினைப்பதையும் தாண்டிக் கதைசொல்லி அநேகமாக எதையும் சொல்வதில்லை. கோட்டை அதிகாரிகளின் எண்ணம் என்ன என்பது கே.க்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. எல்லாம் அறிந்த கதைசொல்லி தரும் உறுதி இங்கே கிடையாது. அதிகாரத்தின் முன் தனிமனிதர் படும் திகைப்பை வாசகரும் நேராக அனுபவிக்கிறார்.

நாவல் முற்றுப்பெறவில்லை, கைப்பிரதி ஒரு வாக்கியத்தின் நடுவே நின்றுவிடுகிறது. காஃப்கா 1924-இல் மறைந்தார். நண்பர் மாக்ஸ் பிராட் 1926-இல் அதை நூலாக வெளியிட்டார்.