புலனறியாச் சுடர்

நுழையும்முன்

நெருப்பைக் கண் காண்கிறது; அதன் வெம்மையைத் தோல் உணர்கிறது. எனவே, கை தானாகவே பின்வாங்குகிறது. கண்ணுக்கும் தோலுக்கும் எட்டாத ஆற்றல் ஒன்று உடலை ஊடுருவினால் நம்மை எச்சரிப்பது எது? ஐம்புலன்களும் கைவிடும் இடத்தில் அறிவு ஒன்றே காவலாகிறது. அயனியாக்கும் கதிர்வீச்சின் இயல்பையும், அதனிடமிருந்து காத்துக்கொள்ளும் வழிகளையும் இப்பாடம் விளக்குகிறது.

கார்த்திகைத் தீபத் திருநாளன்று மாலையில் திருவண்ணாமலையின் உச்சியில் மகாதீபம் ஏற்றப்படுகிறது. ஏறத்தாழ 2,670 அடி உயரத்தில், நெய் நிறைந்த கொப்பரையில் எரியும் அச்சுடரைச் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் மக்கள் கண்டு வணங்குகின்றனர். கொப்பரையின் அருகே நிற்பவரால் அதன் வெப்பத்தைத் தாங்க இயலாது. அடிவாரத்தில் நிற்பவரை வந்தடைவதோ ஒளிப்புள்ளி மட்டுமே. சுடர் ஒன்றுதான், தொலைவுதான் வேறு. இந்த எளிய உண்மை, கதிர்வீச்சுப் பாதுகாப்பிற்கும் அடிப்படையாகும்.

இருவகைக் கதிர்வீச்சு

தீபத்தின் ஒளியும் வெப்பமும் கதிர்வீச்சுகளே. வானொலி அலைகளும் கைப்பேசி அலைகளும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. இவை அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கும் ஆற்றல் அற்றவை. எக்ஸ் கதிர், ஆல்ஃபா, பீட்டா, காமா ஆகியவற்றுக்கு அவ்வாற்றல் உண்டு. அவை தாம் செல்லும் வழியிலுள்ள அணுக்களை அயனிகளாக மாற்றுகின்றன. ஆதலின், அவை அயனியாக்கும் கதிர்வீச்சுகள் எனப்படுகின்றன.

1895ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிவியலறிஞர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டிலேயே பிரான்சு நாட்டு அறிஞர் பெக்கரல், யுரேனிய உப்பிலிருந்து கதிர்கள் தாமாகவே வெளிப்படுவதைக் கண்டார். இவ்விரண்டிற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. எக்ஸ் கதிர்க் கருவியில் மின்சாரத்தை நிறுத்தியவுடன் கதிர்களும் நின்றுவிடும். கதிரியக்கப் பொருளை அவ்வாறு நிறுத்த இயலாது. அதன் அணுக்கள் சிதைந்து தீரும்வரை அது கதிர்களை உமிழ்ந்துகொண்டே இருக்கும்.

பாறையிலும் உடலிலும்

கதிரியக்கம் மனிதன் படைத்ததன்று. கருங்கல் பாறைகளில் பொட்டாசியம், யுரேனியம், தோரியம் ஆகியவை மிகச் சிறிதளவில் கலந்துள்ளன. அண்ணாமலையின் பாறைகளும் கோபுரத்தின் அடித்தளக் கற்களும் இதற்கு விலக்கல்ல. நாம் உண்ணும் உணவின் வழியே பொட்டாசியம் 40 நம் உடலிலும் இடம்பெறுகிறது. விண்ணிலிருந்து அண்டக் கதிர்கள் இடையறாது வருகின்றன. மண்ணிலிருந்து கசியும் ரேடான் என்னும் வாயு, நாம் மூச்சிழுக்கும் காற்றில் கலந்துள்ளது.

கதிர்வீச்சால் உடலுக்கு நேரும் விளைவைச் சீவர்ட் என்னும் அலகால் அளப்பர். அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிசீவர்ட். இயற்கை மூலங்களிலிருந்து மனிதர் ஒருவர் ஆண்டொன்றுக்குப் பெறும் உலகச் சராசரி அளவு 2.4 மில்லிசீவர்ட் ஆகும். மார்பு எக்ஸ் கதிர்ப் படம் ஒன்றினால் பெறுவது 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. மார்புப் பகுதிச் சி.டி. ஸ்கேனில் அது ஏறத்தாழ 7 மில்லிசீவர்ட்டாக உயர்கிறது. 4,000 மில்லிசீவர்ட் அளவை உடல் முழுவதும் ஒரே நேரத்தில் ஏற்றவர்களுள், மருத்துவம் கிடைக்காவிடில் ஏறத்தாழப் பாதிப்பேர் உயிரிழக்க நேரிடும். எனவே, கதிர்வீச்சு இருக்கிறதா என்று கேட்பதினும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதே அறிவுடைமை.

தெரியுமா?
கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் செறிந்த மோனசைட் கனிமம் உள்ளது. 1909ஆம் ஆண்டு ஜெர்மானிய வேதியியலறிஞர் ஷாம்பர்க் இதனைக் கண்டறிந்தார். இத்தகைய மணல் நிறைந்த கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பத்தாண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து ஆய்வு செய்தனர். அங்குள்ள இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் மிகுந்ததாக அவ்வாய்வில் காணப்படவில்லை.

உயிரணுவில் நிகழ்வது

அயனியாக்கும் கதிர், உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. இழையை நேரடியாக அறுக்கலாம். உயிரணுவின் நீரைச் சிதைத்து, அதனால் விளையும் வேதிப்பொருள்கள் வழியாகவும் தாக்கலாம். இத்தகைய சிறு சேதங்களைப் பெரும்பாலும் உயிரணுவே செப்பனிட்டுக்கொள்கிறது. சேதம் அளவு கடந்தால் உயிரணு மடிகிறது. பிழையாகச் செப்பனிடப்பட்ட உயிரணு, பல்லாண்டுகளுக்குப் பின் புற்றுநோய்க்கு வித்தாகலாம். விரைந்து பெருகும் உயிரணுக்களே எளிதில் தாக்கப்படுகின்றன. ஆதலால் எலும்பு மச்சையும் குடலின் உட்சுவரும் கருவிலுள்ள குழந்தையும் மிகுந்த பாதுகாப்புக்கு உரியன. விரைந்து பெருகும் புற்றணுக்களை அழிக்க மருத்துவர்கள் கதிர்வீச்சைப் பயன்படுத்துவதும் இவ்வியல்பைக் கொண்டே.

மூன்று காப்புகள்

கதிர்வீச்சிலிருந்து காத்துக்கொள்ள நேரம், தொலைவு, தடுப்பு என மூன்று வழிகள் உள்ளன.

நேரம்: கதிர்மூலத்தின் அருகில் இருக்கும் நேரம் பாதியானால் உடல் ஏற்கும் அளவும் பாதியாகும்.

தொலைவு: சிறிய கதிர்மூலத்திலிருந்து விலகும்போது, தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் கதிர்ச்செறிவு குறைகிறது. ஒரு மீட்டரில் நின்றவர் இரண்டு மீட்டருக்கு நகர்ந்தால் செறிவு நான்கில் ஒரு பங்காகும். பத்து மீட்டருக்கு நகர்ந்தால் நூற்றில் ஒரு பங்காகும். மலையுச்சித் தீபத்தின் வெப்பம் அடிவாரத்தை எட்டாததும் ஆற்றல் இவ்வாறு பரவி மெலிவதனால்தான்.

தடுப்பு: ஆல்ஃபா துகளை ஒரு தாளே தடுத்துவிடும். பீட்டா துகளுக்குச் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தகடு போதும். காமா, எக்ஸ் கதிர்களுக்குக் காரீயமோ தடித்த கற்காரைச் சுவரோ தேவை. எனினும் ஆல்ஃபா துகளை எளியதெனக் கருதலாகாது. அதனை உமிழும் பொருள் மூச்சு வழியாகவோ உணவு வழியாகவோ உடலினுள் புகுந்தால் பெருங்கேடு விளைவிக்கும்.

மாயாபுரி தந்த பாடம்

2010ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், தில்லி மாயாபுரியிலுள்ள பழைய இரும்புச் சந்தையில் பணியாற்றியோர் சிலர் நோயுற்றனர். தோல் கருத்தது, முடி உதிர்ந்தது. காரணம் முதலில் எவருக்கும் விளங்கவில்லை. பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் 1985 முதல் பயன்பாடின்றிக் கிடந்த காமா கதிர்க் கருவி, பழைய பொருளாக ஏலம் விடப்பட்டு அச்சந்தையை அடைந்திருந்தது. அதன் காரீயக் கவசத்தைப் பிரித்தபோது உள்ளிருந்த கோபால்ட் 60 வெளிப்பட்டது. தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். மேலும் சிலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர்.

கோபால்ட் 60இன் அரைவாழ்வுக் காலம் 5.27 ஆண்டுகள். கருவி முடங்கிக் கிடந்த 25 ஆண்டுகளில் அதன் கதிரியக்கம் ஏறத்தாழ 27இல் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். அவ்வாறு குறைந்த பின்னரும் அது ஓர் உயிரைப் பறித்தது. கருவியைப் பிரித்த தொழிலாளர்கள் கவனமற்றவர்கள் அல்லர். தங்கள் கையில் இருப்பது இன்னதென்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. பயன்படுத்துவோரின் பொறுப்பு, பயன்பாடு முடிந்த அன்றே முடிந்துவிடுவதில்லை என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

அறிந்து நடத்தல்

மஞ்சள் நிறப் பின்னணியில், நடுவே சிறு வட்டமும் அதனைச் சுற்றி மூன்று கருநிற இதழ்களும் அமைந்த சின்னம் கதிர்வீச்சு எச்சரிக்கைச் சின்னமாகும். இச்சின்னம் பொறித்த பெட்டியோ உலோகமோ கேட்பாரற்றுக் கிடந்தால் அதனைத் தொடுதலும் திறத்தலும் கூடா. உடனே விலகிச் சென்று, பிறரையும் நெருங்க விடாமல், 112 என்னும் அவசர எண்ணுக்குத் தெரிவித்தல் வேண்டும்.

மருத்துவமனையின் எக்ஸ் கதிர் அறையிலும் மூன்று காப்புகளைக் காணலாம். படமெடுப்பவர் தடுப்புச் சுவருக்குப் பின்னே செல்கிறார். நோயாளிக்குத் துணையாக உள்ளே இருந்தாக வேண்டியவர் காரீயக் கவச ஆடை அணிகிறார். கருவுற்றிருப்பவர் அதனை முன்கூட்டியே தெரிவித்தல் இன்றியமையாதது. முன்னர் எடுத்த படங்களைப் பாதுகாத்து வைத்து மருத்துவரிடம் காட்டினால் தேவையற்ற மறுபடங்களைத் தவிர்க்கலாம். அதே நேரத்தில், மருத்துவர் தேவையெனக் கூறும் படத்தை அச்சத்தால் மறுப்பது நோயை மறைத்து வளர்ப்பதாகும். எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துக்கொண்டவரின் உடலில் அக்கதிர் தங்குவதில்லை. அவரால் பிறருக்குத் தீங்கும் இல்லை.

இந்தியாவில் கதிர்வீச்சுப் பயன்பாட்டை நெறிப்படுத்த, 1983ஆம் ஆண்டு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்டது. விதிகளை வகுப்பது வாரியத்தின் கடமை. அவ்விதிகள் உயிர் காப்பது, அவற்றின் பொருளை அறிந்த மக்களாலேயே. ஒரு சின்னத்தை அடையாளம் காணும் மாணவர் ஒருவர் தம் தெருவையே காக்க இயலும்.