நின்ற வண்டியும் நில்லா வியர்வையும்

முப்பது ஆண்டுகள் நான் பள்ளிக்குச் சைக்கிளிலேயே சென்று வந்தவன். வீட்டிற்கும் பள்ளிக்கும் இடையே ஆறு கிலோமீட்டர். சித்திரை வெயிலிலும் அவ்வழியே சென்றிருக்கிறேன். பள்ளியை அடையும்போது சட்டையின் முதுகுப்புறம் சற்றே நனைந்திருக்கும். காலை வழிபாடு முடிவதற்குள் அதுவும் உலர்ந்துவிடும்.

ஓய்வு பெற்ற பின் முழங்காலில் வலி கண்டது. ஓரிடத்தில் நின்றபடியே மிதிக்கும் சைக்கிள் நல்லது என்றார் மருத்துவர். மகன் ஒன்றை வாங்கி வந்து, உள்ளறையில் நிறுத்தினான். தெருவிலே போவோர் இந்த வயதில் எனக்கென்ன விளையாட்டு என்று நகைப்பார்களே எனச் சன்னலைச் சாத்திக்கொண்டு மிதிக்கத் தொடங்கினேன். இருபது நிமிடங்கூட ஆகவில்லை. நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை கண்ணில் புகுந்து கரித்தது. முழங்கையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. எட்டிப் பார்த்த என் மனைவி திடுக்கிட்டு, "என்னங்க இது? குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்தவர்போல இருக்கிறீர்களே! நெஞ்சு ஏதாவது வலிக்கிறதா?" என்று கேட்டாள்.

எனக்கும் உள்ளூர அச்சந்தான். அதே கால்கள், அதே மிதிப்பு. தலைமேல் வெயிலும் இல்லை. அவ்வாறிருக்க, வெட்டவெளியில் காணாத வியர்வை நிழலில் வருவானேன்? இன்று பலருடைய இல்லங்களில் இத்தகைய நிலைச் சைக்கிள்கள் இருக்கின்றன. அவர்களுள்ளும் பலர்க்கு இவ்வையம் எழுந்திருக்கக் கூடும். அதனை இங்கே ஆராய்வோம்.

முதலில், வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெளிதல் வேண்டும். நாம் உண்ட உணவின் ஆற்றலைத் தசைகள் வேலையாக மாற்றுகின்றன. ஆனால், முழுவதையும் மாற்றுவதில்லை. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் நான்கில் ஒரு பங்கே மிதிகட்டையைச் சுழற்றப் பயன்படுகிறது. எஞ்சியது முழுவதும் வெப்பமாகிவிடுகிறது. ஒருவர் 100 வாட் அளவில் மிதிக்கிறார் என்று கொள்வோம். அது கடுமையான வேலையன்று. அதற்கு அவர் உடல் 500 வாட் ஆற்றலைச் செலவிடுகிறது. 100 வாட் சக்கரத்திற்குப் போக, 400 வாட் உடலுக்குள்ளேயே வெப்பமாக நிற்கிறது. முன்னாளில் நாம் ஏற்றிய குண்டு பல்புகளில் 100 வாட் பல்பின் சூட்டை அறிவீர்கள் அல்லவா? அத்தகைய பல்புகள் நான்கினை வயிற்றுக்குள் ஏற்றி வைத்தாற்போன்றது இது.

இவ்வெப்பம் வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடுமாயின் என்ன ஆகும்? அறுபது கிலோ எடையுள்ள உடலின் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்பது நிமிடங்களுக்கு ஒரு டிகிரி வீதம் ஏறும். நம் உடலின் இயல்பான வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ். அரை மணி நேரத்தில் அது 40 டிகிரியைத் தாண்டிவிடும். அது கடுங்காய்ச்சலின் எல்லை. மூளை மயங்கும் எல்லை. அவ்வாறு நிகழாமல் நம்மைக் காப்பது எது? நாம் அருவருப்போடு துடைத்தெறியும் அந்த வியர்வையே.

உடல் தன் வெப்பத்தைப் போக்கிக்கொள்ள நான்கு வழிகள் உண்டு. தொட்ட பொருளுக்கு வெப்பத்தைக் கடத்துதல் ஒன்று. தோலைச் சூழ்ந்த காற்று சூடேறி விலக, குளிர்ந்த காற்று அவ்விடம் வந்து நிரம்புதல் மற்றொன்று. சுற்றியுள்ள பொருள்களுக்கு வெப்பக் கதிர்களை வீசுதல் மூன்றாவது. இம்மூன்றும் சுற்றுப்புறம் தோலைக் காட்டிலும் குளிர்ந்திருந்தால்தான் பயன்படும். தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 33 முதல் 35 டிகிரி. நம் கோடையில் அறையின் வெப்பமும் அதனை ஒட்டியே நிற்பதால் இம்மூன்று வாயில்களும் ஏறத்தாழ அடைபட்டுவிடுகின்றன. நான்காவது வாயில் ஒன்றே திறந்திருக்கிறது. அதுதான் வியர்வை ஆவியாதல்.

மண்பானைத் தண்ணீர் குளிர்வதை நாம் அனைவரும் அறிவோம். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மனித உடலும் ஒரு மண்பானைதான். தோலில் 20 இலட்சம் முதல் 40 இலட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. மூளையின் அடிப்புறத்தே உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி குருதியின் வெப்பத்தை அறிந்து, சுரப்பிகளுக்கு ஆணையிடுகிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலின்மீது முழுதும் ஆவியாகுமாயின், அது ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டு செல்லும். மேலே நாம் கண்ட 400 வாட் வெப்பத்தை வியர்வை ஒன்றே போக்குவதாயின், ஒரு மணி நேரத்திற்கு ஏறக்குறைய 600 மில்லிலிட்டர் வியர்வை ஆவியாதல் வேண்டும்.

'ஆவியாதல்' என்ற சொல்லை நேயர்கள் நன்கு கருத்தில் கொள்ள வேண்டும். சுரந்த வியர்வை குளிர்ச்சி தருவதில்லை. ஆவியான வியர்வையே குளிர்ச்சி தருகிறது. தரையில் சொட்டிய துளி வீணாய்ப்போன துளி. அது உடலின் நீரையும் உப்பையும் கொண்டுசென்றதே அன்றி, வெப்பத்தைக் கொண்டு செல்லவில்லை.

இப்பொழுது என் ஐயத்திற்கு விடை எளிதாகிவிடுகிறது. சாலையிலே நான் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் சென்றபோது, நொடிக்கு 5 மீட்டர் வேகமுள்ள காற்று என்மீது இடைவிடாது வீசிற்று. அக்காற்றை எனக்கு வீசியது எவரும் அல்லர், என் கால்களே. வியர்வை தோன்றிய கணமே ஆவியாயிற்று. ஆதலால் நான் வியர்த்ததை நானே அறியவில்லை. அறையிலோ சக்கரம் சுழல்கிறது, வண்டி நகர்வதில்லை. தோலை ஒட்டி ஈரமும் சூடும் நிறைந்த மெல்லிய காற்றுப் போர்வையொன்று படிந்துவிடுகிறது. அதனை விலக்கக் காற்றில்லை. சாத்திய சன்னல் அறையின் ஈரப்பதத்தையும் ஏற்றுகிறது. வியர்வை ஆவியாகாததால் உடல் குளிர்வதில்லை. குளிராததால் மூளை மேலும் வியர்க்க ஆணையிடுகிறது. மிகுதியாகச் சுரந்ததும் சொட்டி வீணாகிறது. கொடியில் உலர்த்திய துணிக்கும், மூலையில் சுருட்டிப் போட்ட ஈரத் துணிக்கும் உள்ள வேறுபாடே இது.

வியர்வையின் ஆற்றலை விளக்கும் பழைய நிகழ்ச்சி ஒன்றுண்டு. சார்லஸ் பிளாக்டன் என்ற ஆங்கில மருத்துவர், கொதிநீரையும் மிஞ்சிய வெப்பமுள்ள உலர்ந்த அறையொன்றில் நண்பர்களுடன் புகுந்து, தாம் கண்டவற்றை 1775ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவ்வறையில் வைத்த முட்டைகள் வெந்து இறுகின. இறைச்சித் துண்டு வெந்து வறண்டது. புகுந்த மனிதர்களோ சில நிமிடங்கள் இருந்துவிட்டு, யாதொரு தீங்குமின்றி வெளிவந்தனர். இறைச்சிக்கு வியர்வை இல்லை, மனிதருக்கு இருந்தது. காற்றும் உலர்ந்திருந்தது. அதே வெப்பம் நீராவி நிறைந்த அறையில் இருந்திருப்பின், அவர்கள் பிழைத்திரார்.

இனி, இன்றியமையாத செய்தி ஒன்றைக் கூற வேண்டும். வியர்வை மிகுந்தால் கொழுப்பு கரைகிறது என்னும் நம்பிக்கை நம்மிடையே வேரூன்றி நிற்கிறது. என்னோடு பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவர், தொப்பையைக் குறைக்க விரும்பி இச்சைக்கிளை வாங்கினார். சன்னலை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, மழைக்கோட்டு ஒன்றையும் அணிந்து மிதித்தார். முடிவில் எடைப்பொறி ஒரு கிலோ குறைவாகக் காட்டும். அளவற்ற மகிழ்ச்சி கொள்வார். அந்த ஒரு கிலோ, இரண்டு செம்புத் தண்ணீர் குடித்ததும் திரும்பி வந்துவிடும் என்பதை எண்ணாமற் போனார். ஒரு நாள் காலை வண்டியிலிருந்து இறங்கியவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மருத்துவமனையில் நரம்பின் வழியே நீரேற்றி, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். நற்பேறு, பிழைத்தார்.

வாழ்நாள் முழுதும் கணக்குக் கற்பித்த அவரிடம் இந்தச் சிறு கணக்கை நான் போட்டுக் காட்டினேன். உடற்கொழுப்பு ஒரு கிலோவில் அடங்கிய ஆற்றல் ஏறக்குறைய 7,700 கிலோகலோரி. நாம் சொன்ன அளவில் அரை மணி நேரம் மிதித்தால் செலவாவது ஏறக்குறைய 215 கிலோகலோரி. ஆகவே, உணவு மிகாதிருந்தால், ஒரு கிலோ கொழுப்புக் கரைய முப்பத்தாறு நாள் மிதித்தல் வேண்டும். வியர்த்தாலும் வியர்க்காவிட்டாலும் இக்கணக்கு மாறாது. அவர் சற்றுநேரம் மௌனமாயிருந்து, "ஐயா, விடையைப் பார்த்து மகிழ்ந்தேன்; வழியைப் பார்க்கத் தவறினேன்" என்றார்.

எல்லாரும் அவரைப்போல் தப்புவதில்லை. 1997ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்கக் கல்லூரிகளைச் சேர்ந்த மல்யுத்த மாணவர் மூவர், போட்டிக்காக எடையை விரைந்து குறைக்க முயன்று இறந்தனர். நீராவி புகாத உடையணிந்து, சூடான இடத்தில் கடும்பயிற்சி செய்தனர்; அவர்கள் செய்த பயிற்சிகளுள் நிலைச் சைக்கிளை மிதித்தலும் ஒன்று. ஆண்டு பிறந்ததும் 1998 சனவரியில் அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டு அமைப்பு அத்தகைய உடைகளைத் தடை செய்தது. வலிமை மிக்க இளங்காளைகளுக்கே இந்நிலை என்றால், நம்மைப் போன்றோர் எவ்வளவு எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்!

வியர்வை மிகும்போது குருதியின் நீர்ப்பகுதி குறைகிறது. அதே நேரத்தில் தசைக்கும் குருதி வேண்டும். வெப்பத்தை வெளியே கொண்டுசெல்லத் தோலுக்கும் வேண்டும். ஆகவே, மிதிக்கும் வேகம் மாறாதிருந்தும் நாடித் துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். இதயத்தின் இச்சுமையைக் குறைப்பதே அறிவுடைமை.

அதற்குச் செய்ய வேண்டியவை எளியவை. சன்னலைத் திறந்து வையுங்கள். மின்விசிறி ஒன்றை, உடலின் முன்புறம் காற்றுப் படுமாறு வையுங்கள். சாலையில் கால்கள் தந்த காற்றை அறையில் அது தரும். மெல்லிய பருத்தி ஆடை போதும். துண்டு ஒன்றைக் கைப்பிடியில் போட்டுக்கொள்ளுங்கள். வியர்வையின் உப்பு இரும்பைத் துருவேற்றும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். எத்தனை கிலோ குறைந்ததோ, ஏறக்குறைய அத்தனை லிட்டர் நீர் போயிற்று என்பது பொருள். அதனைச் சிறிது சிறிதாகக் குடித்து ஈடுசெய்யலாம். உப்பிட்ட நீர்மோர் நன்று. குருதியழுத்தம் காரணமாக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவரும், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உண்பவரும் மருத்துவரைக் கேட்டுச் செய்க. வெறுந்தண்ணீரை வேட்கைக்கு மீறிக் குடம் குடமாகக் குடிப்பதும் தவறு. குருதியின் உப்பு நீர்த்துப்போய் அதனாலும் ஆபத்து விளையும்.

முதல் வாரத்தில் மெதுவாகத் தொடங்குங்கள். வெப்பத்தில் ஒன்றிரண்டு வாரம் பழகிய உடல் முன்னதாகவே வியர்க்கத் தொடங்கும்; வியர்வையில் உப்பையும் குறைத்துவிடும். ஆகவே, பயிற்சி மிகுந்தவர் மிகுதியாக வியர்ப்பது தளர்ச்சியின் அடையாளம் அன்று, தேர்ச்சியின் அடையாளம்.

ஆயினும், எல்லா வியர்வையும் ஒன்றல்ல. மார்பில் இறுக்கமோ, தோளிலும் தாடையிலும் பரவும் வலியோ, மூச்சுத் திணறலோ குளிர்ந்த வியர்வையுடன் வருமாயின், உடனே நிறுத்தி மருத்துவ உதவியை நாடுங்கள். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ கொள்பவர்க்கு நடுக்கமும் பசியும் படபடப்பும் வியர்வையோடு கூடுமாயின், சர்க்கரை தாழ்ந்ததென உணர்ந்து உடனே இனிப்பு உண்க. கடும் வெப்பத்தில் தலைவலியும் குழப்பமும் தோன்றினால், வியர்வை நின்றாலும் தொடர்ந்தாலும், அது வெப்பத் தாக்குதலின் அறிகுறி. உடலை நீரால் குளிர்வித்துக்கொண்டே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

இவையெல்லாம் அறிந்தபின் நான் செய்தது ஒன்றே. சைக்கிளை மூலையிலிருந்து சன்னலோரத்திற்கு நகர்த்தினேன், சன்னலைத் திறந்தேன், எதிரே மேசைவிசிறியை வைத்தேன். வியர்வை இப்போதும் வருகிறது; ஆனால் தரையில் சொட்டுவதில்லை. தெருவிலே போகும் பழைய மாணவர்கள் சிலர் நின்று, "சார், எந்த ஊருக்குப் பயணம்?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். சன்னலைமட்டும் சாத்துவதில்லை.