தயிர் உறையாத பால்

சித்திரை வெயிலில் தயிர் உறையவில்லை என்றால் யார்தான் நம்புவார்கள்? முதல் நாள் பிரைமோரின் மீது குற்றம் சாட்டப்பட்டது. மறுநாள் பாத்திரத்தின் மீது. மூன்றாம் நாள், வழக்கம்போல், பால்காரியின் மீது. கடம்பத்தூரில் இரண்டு பசுக்களை வைத்துக்கொண்டு எங்கள் தெருவுக்குப் பால் வார்க்கும் அந்த அம்மாளை விசாரித்தோம். அவள் ஒளிக்கவில்லை. "தண்ணி கலக்கல ஐயா. ஒரு மாட்டுக்கு மடி வீங்கிப் போச்சு, மூணு நாளா ஊசி போட்டிருக்கு" என்றாள்.

விஷயம் அதுதான். பாலைத் தயிராக்குபவை நுண்கிருமிகள். மடிநோயை உண்டாக்கும் ஸ்டெபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் முதலியவையும் நுண்கிருமிகளே. பின்னவற்றைக் கொல்வதற்காகச் செலுத்திய பெனிஸிலின் போன்ற மருந்து மடியில் தங்கிப் பாலோடு இறங்குகிறது. நம் வீட்டுப் பிரைமோரையும் செயலற்றதாக்கி விடுகிறது. காய்ச்சினால் போய்விடும் என்று எண்ண வேண்டாம். இம்மருந்துகளிற் பல அடுப்புச் சூட்டுக்கு அசைவதில்லை.

குழந்தைக்கு 'ஒரே மாட்டுப் பால்' வேண்டும் என்று தேடி வாங்குவது நம் வீடுகளில் ஒரு பெருமை. பலநூறு பசுக்களின் பால் கலக்குமிடத்தில் ஒரு பசுவின் மருந்து நீர்த்துப் போகும். ஒரே மாட்டுப் பாலிலோ அது முழுமையாகச் செம்பில் வந்து சேரும். 2018-ஆம் வருஷத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தேசமெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்ததில், 77 மாதிரிகளில் இத்தகைய மருந்து வரம்பை மீறி இருந்தது. நூற்றுக்கு ஒன்று சொச்சம். பீதியடைய வேண்டியதில்லை, அலட்சியம் செய்வதற்கும் இல்லை. பெனிஸிலின் ஒவ்வாத தேகத்தினருக்கு அது தீங்கு செய்யக்கூடும். அதனினும் பெரிய அபாயம், குறைந்த அளவு மருந்தில் பழகிய கிருமிகள் மருந்துக்கே அடங்காதவையாக மாறுவது. பெனிஸிலினைக் கண்டுபிடித்த பிளெமிங், 1945-இல் நோபல் பரிசு பெற்ற சமயத்திலேயே இதை எச்சரித்தார்.

சட்டம் இல்லாமலில்லை. 2012-ஆம் வருஷத்திய மருந்து விதித் திருத்தத்தின்படி, எத்தனை நாள் பாலை விலக்க வேண்டும் என்பதை மருந்தின் மேலேயே குறிப்பிட வேண்டும். தனியே நிர்ணயிக்கப்படாத மருந்தானால் 7 நாட்களுக்குக் குறையக் கூடாது.

ஆனால் அந்த ஏழு நாட்களின் கணக்கைப் பாருங்கள். பசு தினம் 8 லிட்டர் கறக்கிறது; சிகிச்சை மூன்று நாள், விலக்கு ஏழு நாள்; ஆக 80 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 2,800 ரூபாய் சாக்கடைக்குப் போகிறது. தீவனக்காரன் கடனை நிறுத்துவானா? வைத்தியர் ஐந்து ஊசி என்று சொன்னதை இரண்டோடு நிறுத்திப் பாலை விற்பவளைத் தண்டிப்பது சுலபம். அரைகுறைச் சிகிச்சையால் நோயும் திரும்புகிறது.

ஆகையால் நோய் வராமற் காப்பதே லாபம். கறந்து முடிந்ததும் காம்பின் துவாரம் சிறிது நேரம் திறந்தே இருக்கும். அப்பொழுது பசு சாணத்தில் படுத்தால் கிருமி ஏறிவிடும். கறந்தவுடன் தீவனம் வைத்து அரை மணி நேரம் நிற்கச் செய்வதற்குக் காசு செலவில்லை. முதற் பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்த்தால் திரிதிரியாக வருவது அன்றே தெரிந்துவிடும்.

ஆரம்ப நிலைக்கு நம் கொல்லையிலும் ஒரு சிகிச்சை உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய முறை இது. தேசியப் பால்வள வாரியமும் இதை ஊக்குவிக்கிறது. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். சேர்த்தரைத்தால் செந்நிற விழுதாகும். மடியைக் கழுவிப் பாலை முற்றும் கறந்தபின், ஒரு கைப்பிடி விழுதை நீரில் கரைத்து, நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள் பூச வேண்டும். சுதேசி மருந்து என்ற அபிமானத்தால் மட்டும் இதைச் சொல்லவில்லை. பசுவுக்குக் காய்ச்சல் கண்டாலோ, தீவனம் மறுத்தாலோ, பாலில் இரத்தம் வந்தாலோ கற்றாழையை நம்பிக் காத்திராமல் கால்நடை வைத்தியரை அழைத்துவிட வேண்டும். அவர் சொன்ன ஊசி முழுவதையும் போட்டாக வேண்டும்.

எங்கள் தெருவில் ஐந்து வீட்டார் கூடிப் பேசினோம். மருந்து ஏறிய பசுவின் பாலை அந்த அம்மாள் விலக்கினாள். நாங்கள் கடையில் பாக்கெட் வாங்கிக்கொண்டு, மாதக் கணக்கில் அந்த நாட்களைக் கழிக்காமல் கொடுத்தோம். என் மனைவி முதலில் முணுமுணுத்தாள். எட்டாம் நாள் பால் வந்தது. இரவு பிரை குத்தியது விடிவதற்குள் கட்டியாக உறைந்திருந்தது.