நாற்றுப் பண்ணையும் கணினியும்

ஜெஞ்சாரோம் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டக் குடும்பங்களுக்கு நாற்றுப் பண்ணையைப் பற்றி நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. முளைவிட்ட விதையை எவரும் நேரே தோட்டத்தில் நடுவதில்லை. மண் நிரப்பிய கறுப்புப் பையில் வைத்து, வேளை தவறாமல் நீர் ஊற்றி, ஏறக்குறைய ஓராண்டு வளர்த்த பிறகே நிலத்தில் நடுகிறோம். கணினி வேலையிலும் இப்படி ஒரு நாற்றுப் பண்ணை உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

வீட்டுக்கு இணையத்தைக் கொண்டுவரும் ரவுட்டர் பெட்டி உண்மையில் ஒரு சிறிய கணினி. அதற்குள் பதிந்திருந்து அதை இயக்கும் மென்பொருளை நிலைபொருள் என்கிறோம். சில ஆண்டுகள் போனதும், தயாரித்த நிறுவனம் அதற்குத் திருத்தங்கள் தருவதை நிறுத்திவிடுகிறது. பாதுகாப்புக் குறை அடைபடாமல் கிடக்கிறது. பெட்டி நல்ல நிலையில் இருந்தும் குப்பைக்குப் போகிறது. குப்பையின் கொடுமையை ஜெஞ்சாரோம் மக்கள் நன்கு அறிவார்கள். 2018ஆம் ஆண்டு சீனா அந்நிய நாட்டுப் பிளாஸ்டிக் கழிவுக்குத் தடை விதித்தபின், அந்தக் கழிவு நம் வட்டாரத்தில் வந்து குவிந்ததும், இரவில் அதை எரித்த புகை வீடுகளுக்குள் புகுந்ததும் மறக்கக் கூடியவை அல்ல.

பழைய ரவுட்டரைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. 2003ஆம் ஆண்டு லிங்சிஸ் நிறுவனம் தன் ரவுட்டர் ஒன்றின் மூல நிரலை வெளியிட்டது. அதிலிருந்து 2004ஆம் ஆண்டு ஓப்பன்-டபிள்யூ-ஆர்-டி என்னும் திறமூல நிலைபொருள் பிறந்தது. அதை யாரும் இலவசமாகப் பெறலாம், திருத்தலாம். பல ரவுட்டர்களுக்கு அது ஆயத்தமாகவே கிடைக்கிறது. வேண்டாத பகுதியை நீக்கி, வேண்டியதைச் சேர்க்க விரும்பினால், மூல நிரலிலிருந்து நாமே தொகுக்க வேண்டும். ரவுட்டரின் நினைவகம் சிறியது. அங்கே தொகுக்க இயலாது. மேசைக் கணினியில் வளர்த்து, பிறகு ரவுட்டருக்கு மாற்றி நட வேண்டும். அப்படியானால் பண்ணையை எங்கே போடுவது?

இந்த நிலைபொருள் லினக்ஸ் என்னும் இயக்கமுறைமையைச் சார்ந்தது. விண்டோஸ் பெரிய 'ஏ'யையும் சின்ன 'ஏ'யையும் கோப்புப் பெயரில் ஒன்றாகவே கருதும். லினக்ஸுக்கோ அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். அதனால் விண்டோஸ் கோப்புறையில் தொகுக்கத் தொடங்கினால் வேலை பாதியில் நின்றுவிடும்.

வழிகள் மூன்று. முதலாவது, பழைய கணினி ஒன்று சும்மா இருந்தால் அதில் டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸை நேரே நிறுவலாம். இதுவே வேகமானது. ஆனால் உள்ளே இருக்கும் படங்களையும் பாடங்களையும் முதலில் பிரதி எடுத்து வைக்க வேண்டும். இரண்டாவது, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் டபிள்யூ.எஸ்.எல். வசதி. இதில் வேலையை லினக்ஸின் சொந்தக் கோப்புறையிலேயே வைக்க வேண்டும். மூன்றாவது, வெர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருளால் கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியை அமைப்பது. வீட்டில் இருப்பது ஒரே கணினி, அதில்தான் தங்கையும் படிக்கிறாள் என்றால், நாங்கள் இந்த மூன்றாம் வழியையே சொல்வோம். சற்று மெதுவானாலும், உள்ளே எது கெட்டாலும் வீட்டுக் கணினி கெடாது. 8 ஜிகாபைட் நினைவகமுள்ள கணினியில் 4 ஜிகாபைட்டையும், வட்டில் 40 ஜிகாபைட் இடத்தையும் அதற்கு ஒதுக்கினால் போதும். புதுக் கணினிக்குக் கடன் வாங்கத் தேவையில்லை.

எங்கள் பழைய மாணவர் ஒருவர் இரண்டு இரவுகள் இதில் முயன்று தோற்றார். காரணம் மிகச் சிறியது: கோப்புறையின் பெயரில் இரு சொற்களுக்கு இடையே ஓர் இடைவெளி விட்டிருந்தார். பெயரை ஒரே சொல்லாக்கியதும் வேலை முடிந்தது. நிர்வாகிக் கணக்கிலும் தொகுக்கக் கூடாது. சாதாரணப் பயனர் கணக்கே போதும். முதல் முறை தொகுக்கப் பல மணி நேரம் பிடிக்கலாம். அது பிழையன்று.

மாற்றி நடும் முன், ரவுட்டரின் அடியில் உள்ள மாதிரி எண்ணையும் பதிப்பு எண்ணையும் ஆதரவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். தவறான நிலைபொருள் ஏறினால் பெட்டி இயங்காமல் போகலாம். ஏற்றும்போது மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். இணைய நிறுவனம் இரவலாகக் கொடுத்த பெட்டியைத் தொடவே வேண்டாம்; அது நம்முடையது அன்று.

பெற்றோர்களே! பிள்ளை கணினி முன் நெடுநேரம் உட்கார்ந்திருந்தால், விளையாட்டா வேலையா என்று அன்போடு கேளுங்கள். வேலையென்றால், பண்ணையை எங்கே போட்டிருக்கிறாய் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்த பிள்ளை பாதி வேலையை முடித்துவிட்டது என்று நம்பலாம்.