கருங்கழுகுக்கு எது காடு?

மேற்குத் தொடர்ச்சி மலையில் சூழல் கூருணர்வுப் பகுதிகளை அறிவிக்கும் மத்திய அரசின் வரைவு ஜூலை 31, 2024 அன்று வந்தது. ஆட்சேபம் தெரிவிக்க 60 நாள் அவகாசம். கெடு அந்த ஆண்டு செப்டம்பர் கடைசியில் முடிந்தது. அந்தச் செய்தியோடு கருங்கழுகின் படத்தைப் போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். “எஸ்டேட்டுக்கு மேலேயே சுற்றுகிற பறவைக்கு எதற்குத் தனியாகக் காடு?” என்று கேட்கிறார்கள்.

பருந்து எது, கழுகு எது என்று நம் வாசகர்களுக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. இந்தக் கழுகு எப்படிச் சாப்பிடுகிறது என்பதுதான் விஷயம்.

மற்ற கழுகுகள் ஓடும் இரையின் மேல் பாயும். இதற்கு முக்கியமான இரை ஓடாது. அது கூட்டில் கிடக்கிற முட்டையும் இறகு முளைக்காத குஞ்சும்தான். பாய்ச்சலை விட நிதானம்தான் இங்கே உதவும். எடை ஒன்றரைக் கிலோவைச் சுற்றி. சிறகை விரித்தால் ஏறக்குறைய ஐந்தடி, அதற்கு மேலும் இருக்கும். இவ்வளவு அகன்ற சிறகில் இவ்வளவு சிறிய உடல் தொங்குவதால், அடிக்காமலேயே, நீரோட்டத்தில் விட்ட பரிசல் மாதிரி மர உச்சிகளை ஒட்டி மிதக்க முடிகிறது. சிறகு நுனியின் இறகுகள் விரல்விரலாகப் பிரிந்து நிற்கும். அதனால்தான் அந்த மெதுவான வேகத்திலும் விழாமல் பறக்கிறது. கிளைக்குக் கிளை எட்டிப் பார்த்துக்கொண்டே போகிறது. கீழே சின்னப் பறவைகள் கத்தித் தீர்க்கின்றன.

காலைப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம். வெளிவிரல் குட்டை. உள்விரல் நகமும் பின்விரல் நகமும் நீளம். ஆனால் மற்ற கழுகுகளின் நகம் அளவுக்கு வளைவில்லை. குத்திக் கொல்வதை விட அள்ளி எடுக்கவே தோதான நகம். கூட்டை அப்படியே பெயர்த்துக்கொண்டு எழும்பி, பறந்தபடியே உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, வெறுங்கூட்டைக் கீழே போட்டுவிடும். கூடு தொலைத்த பறவையின் பக்கம் நின்றால் கொடுமைதான். ஆனாலும் இதைவிடச் சாமர்த்தியமான ஒரு காலை நான் அறியேன்.

ஆக, இதற்குக் காடு என்றால் கூடுகள் அடர்ந்த மர உச்சி. கூடு அகப்படாத காலத்தில் அணில், வௌவால், ஓணான், பாம்பு, தவளை எல்லாம் உண்டு. அவையும் அநேகமாக அதே மரங்களில்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் நடந்த ஓர் ஆய்வு, பாதிக்கு மேல் காடு மூடிய இடங்களையே இது நாடுவதாகச் சொல்கிறது.

அரசுக் கணக்கில் காடு என்பது வேறு. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் வரையறைப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பத்து சதவீதத்துக்குக் குறையாமல் மரநிழல் விழுந்தால் அது ‘காட்டுப் பரப்பு’. என்ன மரம், யாருடைய நிலம் என்ற கேள்வியே கிடையாது. தென்னந்தோப்பு தேறிவிடும், ரப்பரும் தேறிவிடும். செயற்கைக்கோளுக்கு இலை தெரிகிறது, கூடு தெரியாது. ‘பசுமை கூடியது’ என்று அறிக்கை வரும்போதெல்லாம் எனக்கு முதலில் எழும் சந்தேகம், கூடியது எந்தப் பசுமை என்பதுதான்.

எஸ்டேட்டுக்கு மேல் பறக்கிறதே என்றால், வால்பாறை மாதிரி இடங்களில் ஒரு காட்டுத் துண்டிலிருந்து அடுத்ததற்குப் போக வழி அதுதான். ஒழுங்காகக் கவாத்து செய்த தேயிலையில் அதற்குத் தேட என்ன இருக்கிறது?

மற்ற கேள்விகள்:

கோழிக்குஞ்சைத் தூக்குவது இதுவா? ஊர்ப்பக்கம் இறங்குவது அரிது; வேறு பறவையாக இருக்கும்.

எங்கே கூடு கட்டும்? செங்குத்தான பள்ளத்தாக்கை நோக்கிய உயர்ந்த மரத்தில், பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரலுக்குள்.

எத்தனை முட்டை? ஒன்று, சில சமயம் இரண்டு.

அழிந்துவரும் இனமா? உலகப் பட்டியலில் ‘கவலை குறைந்த’ இனம். இமயமலை முதல் இந்தோனேசியா வரை பரவிய பறவைக்குத் தரப்பட்ட மதிப்பெண் அது. ஆனைமலைக்குத் தந்த சான்றிதழ் அல்ல.

தமிழகத்தில் எவ்வளவு பரப்பு வரைவில் இருக்கிறது? மொத்தம் 56,825 சதுர கிலோமீட்டரில் 6,914.

இதுதான் முதல் வரைவா? ஆறாவது. முதலாவது 2014 மார்ச்சில் வந்தது. ஆறாவது வந்தபோது முந்தைய ஐந்தில் ஒன்றுகூட இறுதியாகியிருக்கவில்லை.