மைக் இல்லாத குரல்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், தண்டலம் பஸ் ஸ்டாப்பில் நின்று போன் பேசியவர்களுக்குத் தெரியும்: கன்டெய்னர் லாரி கடக்கும்போது நம் குரல் தானாக ஏறிவிடும். யாரும் கத்தச் சொல்வதில்லை. இரைச்சல் காதில் விழுந்ததும் தொண்டை தானே வேகம் பிடிக்கிறது. இதைக் கவனித்துச் சொன்ன பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார்டின் பெயரால், இதற்கு லொம்பார்டு விளைவு என்று பெயர். அவ்வளவு கத்தியும் எதிர்முனைக்காரர் "என்னது?" என்றுதான் கேட்பார்.

மேற்கத்தியச் செவ்விசை மேடையில் இதைவிடக் கடினமான நிலைமை. எண்பது பேர் வயலினும் செல்லோவும் கொம்புமாக முழங்க, முன்னால் ஒரே ஒரு பெண். மைக் கிடையாது. ஆனாலும் கடைசி வரிசைக்கு அவர் குரல் தனியாகப் போய்ச் சேர்கிறது. ஹேண்டலின் ‘மெசையா’ 1742-இல் டப்ளினில் முதன்முதலாகப் பாடப்பட்டபோதும் மைக் கிடையாது. 1901-இல் அரங்கேறிய மாலரின் நான்காம் சிம்பொனியில் சொர்க்கத்தைப் பாடும் கடைசிப் பகுதியும் இப்படித்தான். சென்னைக்கும் இந்த மரபு புதிதல்ல. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893-இலேயே தொடங்கிவிட்டது.

நம் நாட்டுப் பெயர் ஒன்று சொல்ல வேண்டுமானால், பாட்ரிசியா ரொசாரியோ. மும்பையில் பிறந்த சோப்ரானோ, அதாவது உச்சஸ்தாயிப் பாடகி. பிரிட்டிஷ் இசையமைப்பாளர் ஜான் டேவனர் இவர் குரலுக்கென்றே முப்பதுக்கும் மேற்பட்ட படைப்புகளை எழுதினார். 2003-இல் லண்டன் டெம்பிள் சர்ச்சில் இரவெல்லாம், ஏறக்குறைய ஏழு மணி நேரம் நீண்ட டேவனரின் பக்திப் படைப்பில் தனிக்குரல் இவருடையதுதான்.

சத்தத்தோடு சத்தமாக மோதினால் ஒரு தொண்டை எண்பது வாத்தியங்களிடம் தோற்றுத்தான் போகும். ஆனால் ஆர்க்கெஸ்ட்ராவின் பலம் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவாக இல்லை. 500 ஹெர்ட்ஸ் அளவில் உச்சம். அதற்கு மேலே போகப்போக இறங்கி, 3000-க்கு வரும்போது மெலிந்துவிடுகிறது. ஸ்வீடனின் குரல் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெர்க் 1970-களில் காட்டியது இதைத்தான்: பயிற்சி பெற்ற ஆண் பாடகர்கள் குரல்வளைக்குச் சற்று மேலே உள்ள பகுதியைக் குறுக்கி, அந்த 3000-ஐ ஒட்டிய இடைவெளியில் தங்கள் குரலின் ஆற்றலைக் குவிக்கிறார்கள். கேட்பவரின் காதும் அங்கே ஒத்துழைக்கிறது. இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள காதுக்குழாய் இயல்பாகவே 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைப் பெருக்கித் தருகிறது.

சோப்ரானோ உச்சத்தில் பாடும்போது செய்வது வேறு. நம் பாடகி ஒருவர் 5 கட்டையில் மேல்ஸ்தாயி பஞ்சமத்தைத் தொட்டால் அவருடைய குரல்நாண்கள் வினாடிக்கு 590 முறை போல அதிரும். சோப்ரானோவின் ‘ஹை சி’ 1046. வாய்க்கும் தொண்டைக்கும் இடையிலுள்ள குழாய்க்கு என்று சொந்தமாகச் சில ஒத்ததிர்வுகள் உண்டு. ஊஞ்சலை அதன் தாளத்திலேயே தள்ளினால் எப்படி உயரே போகிறதோ, அப்படி அந்த அதிர்வெண்ணில் விழும் சுரம் மட்டும் ஓங்கும். ‘ஈ’ என்று உச்சரிக்கையில் முதல் ஒத்ததிர்வு 300, 400 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும். சுரம் 900-இல் இருந்தால் அந்த உதவி வீண். சுரத்துக்குக் கீழே பெருக்கிக் கொடுக்க எதுவும் இல்லை. எனவே பாடகி தாடையை இறக்கி வாயை அகலத் திறக்கிறார். ஒத்ததிர்வு மேலே ஏறி, பாடுகிற சுரத்தின் மேலேயே வந்து உட்காருகிறது. தொண்டைக்குக் கூடுதல் சிரமம் இல்லாமலே ஒலி பெருகுகிறது. சிட்னியில் ஜோ வுல்ஃபும் ஜான் ஸ்மித்தும் எலோடி ஜோலிவோவோடு சேர்ந்து, பாடகிகளின் உதட்டருகே மெல்லிய இரைச்சலைச் செலுத்தி, அவர்கள் பாடிக்கொண்டிருக்கும்போதே இதை அளந்தார்கள். அந்த ஆய்வு 2004-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது.

இதற்கு ஒரு விலை உண்டு. ‘ஈ’யும் ‘ஊ’வும் ‘ஆ’வைப் போல ஒலிக்கத் தொடங்கும். உச்ச சுரத்தில் சொல் புரியவில்லை என்று பாடகியைக் குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், அது அவருடைய உச்சரிப்புக் குற்றம் அல்ல, இயற்பியல். வாக்னர் சில ஓபெராக்களில் உயர்ந்த சுரங்களுக்கு வாய் திறக்கும் உயிரெழுத்துகளையே அதிகம் வைத்திருக்கிறார் என்று அதே சிட்னி ஆய்வாளர்கள் 2009-இல் கணக்குக் காட்டினார்கள். ‘மெசையா’ போல பைபிள் வாக்கியத்தைப் பாடும் இசையில் சொல் முக்கியம் ஆயிற்றே என்றால், ஒரே வரியை ஹேண்டல் திரும்பத் திரும்பப் பாட வைப்பது அங்கேயும் உதவுகிறது. ஒருமுறை கீழே புரிந்துவிட்டால், மேலே போகும்போது காது தானே நிரப்பிக்கொள்ளும்.

பாடகருக்கு உதவும் அதே காதுக்குழாய் இரைச்சலுக்கும் உதவிவிடுகிறது. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கத்துத் தொழிற்சாலைகளின் ஷிஃப்ட்காரர்களின் காதைப் பாருங்கள். பிரஸ் ஷாப் போன்ற இடங்களின் இரைச்சலிலும் காதுக்குழாய் அந்த 3000-ஐத்தான் தூக்கிக் கொடுக்கிறது. உட்காதில் சேதம் அதற்கு அரை ஸ்தாயி மேலே, 4000 ஹெர்ட்ஸை ஒட்டி முதலில் விழுகிறது. ஆடியோமெட்ரி தாளில் அந்த எண்ணுக்கு நேரே கோடு பள்ளமாக இறங்கும். அங்குள்ள மயிர்ச்செல்கள் செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. பாடகரின் குரல் ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டி வரும் வழியும், ‘ச’, ‘ஷ’ போன்ற மெய்யெழுத்துகளைப் பிரித்தறியும் இடமும் அதை ஒட்டினாற்போலத்தான் இருக்கின்றன. பேச்சு கேட்கிறது, சொல்தான் பிடிபடவில்லை என்பது அங்கிருந்து வரும் புகார்.

எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு இந்தியத் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கும் எல்லை 90 டெசிபல். இயர் பிளக் கொடுப்பார்கள். பலருக்கு அது சட்டைப் பையில் இருக்கும். போட்டால் பக்கத்து ஆள் கூப்பிடுவது கேட்காது என்பது வழக்கமான பதில். உண்மையில் அது இரைச்சலையும் கூப்பிடும் குரலையும் சேர்த்தே குறைக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள விகிதம் பெரிதாக மாறுவதில்லை. காது இன்னும் கெடாதவர்களுக்கு, அவ்வளவு இரைச்சலில் பிளக் போட்டிருக்கும்போது பேச்சு அதே அளவு, சில சமயம் இன்னும் தெளிவாகவே புரியும்.