குரங்கணிக்கு கிளம்புறீங்களா? மாசி, பங்குனி வேண்டாம்!

23 உயிரைக் குடித்த காட்டுத் தீ

போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணியில் இருந்து கொழுக்குமலைக்கு நடந்தே ஏறலாம். மேலே தேயிலைத் தோட்டம், மேகம், குளிர்! "சனிக்கிழமை ஏறி ஞாயித்துக்கிழமை இறங்கிடலாம்" என்று நண்பர்கள் கூட்டமாக வருவது வழக்கம்.

2018 மார்ச்சிலும் அப்படித்தான் வந்தார்கள். சென்னை, ஈரோடு, திருப்பூர் பக்கத்து ஆட்கள். பெண்களே அதிகம். சிலருக்கு மலையே புதிது. 10-ந்தேதி ஏறினார்கள். 11-ந்தேதி இறங்கும்போது தீ வளைத்துக் கொண்டது!

புல்லே எமன்

சரிவெல்லாம் உயரமான புல். வெயிலில் சருகாகக் காய்ந்து கிடந்தது. காற்றும் சேர்ந்தது. மேட்டைப் பார்த்து ஓடும் தீயை மனிதன் முந்த முடியாது. புகையில் வழி தெரியாமல் சிதறி ஓடினார்கள். சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள்.

முதலில் ஓடி வந்து தூக்கியவர்கள் ஊர்க்காரர்கள்தான். பிறகு விமானப்படை ஹெலிகாப்டர் வந்தது. 9 பேர் மலையிலேயே கருகினார்கள். ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவராகப் போக, சாவு 23 ஆனது.

இப்போது கட்டுப்பாடு

அதன் பிறகே மலையேற்றத்துக்கு அரசு விதி போட்டது. 2024-ல் வனத்துறை 40 பாதைகளை முறைப்படி திறந்தது. வழிகாட்டி கூடவே வருவார். தீக்காலம் என்று 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை பாதைகள் அடைக்கப்பட்டன.

மழை பெய்து புல் பச்சை கட்டட்டும். அப்புறம் ஏறலாம். மலை எங்கேயும் ஓடிப் போகாது!